கயிறு வேண்டாத மலை

மலைக்கு ஆள் கூட்டிப்போகிற தொழிலில் மலையால் ஒரு தொந்தரவும் இல்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆட்கள்தான் எப்போது என்ன செய்வார்கள் என்று தெரியாது. கல்யாணத்துக்கு வேன் பிடித்துப்போய், சாப்பிட நிறுத்திய இடத்தில் தலையை எண்ணி, ஒன்று குறைகிறதே என்று பதறியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. என் வேன் நிற்கிற இடத்தில் காற்று பாதிதான் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில், பிளானோ நகரத்தில் பதினோரு வருஷம் மென்பொருள் வேலை பார்த்தேன். ஆறு வருஷமாக இது. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் இருபதாயிரம் அடிக்கு ஒரு எரிமலை. கயிறு வேண்டாம், பனிக்கோடாலி வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும். இந்தக் கடைசி வரியை என் இணையதளத்தில் எழுதியது நான்தான். அன்றிலிருந்து பயமும் என்னோடுதான் இருக்கிறது.

அரிசி மூட்டை

ராகவன் எடிசனில் இருக்கிறார். ஐம்பத்து மூன்று வயது இன்ஜினியர், தினமும் ரயிலில் மன்ஹாட்டன் போய்வருபவர். என் உடல்நிலைப் படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். இருபத்திரண்டுக்கும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பியிருந்தார். ஐம்பது தாண்டிய உடம்பில் ஒரு ‘ஆம்’ கூட இல்லாமல் இருக்குமா? போனில் திரும்பக் கேட்டேன். பிரஷர்? சுகர்? தூக்கத்தில் மூச்சுத் தடை? ஒன்றுமே இல்லை என்றார்.

பயிற்சி எப்படிப் போகிறது என்றேன். ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கிய இருபது பவுண்டு சோனா மசூரியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் படிக்கட்டில் தினம் நாற்பது தடவை ஏறி இறங்குகிறாராம். ஒரு போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொல்லி, அரிசியைப் பார்த்துவிட்டு, ஜிப்பைத் தானே மூடிக் கொடுத்தாராம். இவ்வளவு பாடுபடுகிறவரை மேலும் குடைய மனசு வரவில்லை. எதற்கும் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றேன். உடனே பதில் வந்தது: “கயிறே வேணாம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க மேடம், அப்புறம் எதுக்கு டாக்டர்?”

விரல் நுனி

கிரீன் கார்டு நடுவழியில் நிற்கும்போது நாட்டை விட்டு வெளியே போக முடியாது என்று இரண்டு பேர் விலகிவிட்டார்கள். மிஞ்சியது ராகவனும் தர்ஷினியும்தான். தர்ஷினி பேர்லேண்டில் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரி, அவசர சிகிச்சை டாக்டர். இந்த ஒரு மலைக்காக இரண்டு வருஷம் லீவு சேர்த்தவள். எங்களோடு ஜீப்புக்கும் வழிக்கும் உள்ளூர்க்காரர் மார்சேலோ.

பதினாலாயிரம் அடியில் உப்பு ஏரிக்கரையில் முகாம். தினமும் காலையில் எல்லார் விரலிலும் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டுவேன். தர்ஷினிக்கு எண்பத்தாறு, அந்த உயரத்துக்கு அது போதும். ராகவனுக்கு எழுபத்தொன்று. விரல் குளிர்ந்திருக்கிறது என்று டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டார்; எழுபத்திரண்டு. முகாமை ஒருநாள் நீட்டினேன். மறுநாள் எழுபத்தெட்டு வந்தது. அந்த ஆறு புள்ளிகளை நான் நம்ப விரும்பினேன், நம்பினேன். உண்மையில் அன்றே அவரைக் கீழே அனுப்பியிருக்க வேண்டும். உதடு ஊதா நிறத்தில் இருக்க, கண்ணுக்குக் கீழே பை தொங்க, அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நம்பரை விடுங்க மேடம், என் மூஞ்சியப் பாருங்க!”

மருந்துப் பெட்டி

பதினேழாயிரம் அடி முகாமுக்கு ஜீப்பில் போனோம். வழியில் மணலில் சக்கரம் புதைந்து மூன்று மணி நேரம் போனது. சுற்றிலும் ஒரு செடி இல்லை, ஒரு பறவை இல்லை. பக்கத்து ஊருக்கு ஆறு மணி நேரம். மார்சேலோ விசிலடித்தபடி மண்ணை வாரிக்கொண்டிருந்தார்; நான் தண்ணீர் கேன்களை இரண்டாம் தடவை எண்ணினேன்.

என்னிடம் இருந்த மருந்துப் பெட்டியைத் தர்ஷினியிடம் திறந்து காட்டினேன். ஊசி, மாத்திரை, ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். போதுமா என்று கேட்டேன். போதும் என்று சொல்லிவிடுவாள், கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். பெட்டியை மூடிவிட்டு அவள் சொன்னது: “அக்கா, இதெல்லாம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கத்தான். கீழ கொண்டு போறதுதான் மருந்து.”

நேர்கோடு

சிகர நாள். வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். பாதை முழுக்கச் சரளைக்கல். இரண்டடி வைத்தால் ஒரு அடி பின்னால் சறுக்கும். பதினெட்டாயிரத்து எழுநூறு அடியில் ராகவன், “மணி என்ன?” என்று கேட்டார். சொன்னேன். பத்தடி நடந்து மறுபடி, “மணி என்ன?” கையுறை ஒன்றைக் காணவில்லை, அது அவருக்கே தெரியவில்லை.

கைத்தடியால் தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலும் விரலும் தொட அதன் மேல் நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தார், மார்சேலோ பிடித்துக்கொண்டார். மூளையில் நீர் கோக்கத் தொடங்கினால் இப்படித்தான் தள்ளாடும். “நான் குடிச்சிருக்கேன்னு நினைக்கிறீங்களா?” என்று கத்தினார். இறங்கியாக வேண்டும் சார் என்றேன். சிகரம் கண்ணெதிரே இருந்தது. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அதே வரியை இன்னொரு தடவை சொன்னேன்.

தர்ஷினியிடம் மார்சேலோவோடு மேலே போகச் சொன்னேன். ராகவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி அரை நிமிஷம் சிகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து அவர் பையைத் தூக்கித் தன் பைக்கு மேலே போட்டுக்கொண்டாள். “ஊசியை எடுங்கோ அக்கா, போட்டிட்டு இறங்குவம்.”

ஜீப்பின் பின் சீட்

இறங்குகிற வழியில் மூன்று தடவை உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் தூங்கிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினார். அந்தக் கெஞ்சலுக்குத்தான் நான் மிகவும் பயந்தேன். மார்சேலோவும் நானும் ஆளுக்கொரு தோளாக, கிட்டத்தட்ட இழுத்துத்தான் வந்தோம். முகாமில் ஆக்சிஜன் மாட்டி ஜீப்பில் ஏற்றினோம். பின் சீட்டில் தர்ஷினி நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தாள். சில தடவை பதில் வரவில்லை. அந்த நேரமெல்லாம் நான் முன் சீட்டில் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாயிரம் அடிக்கு இறங்கியதும் தாகம் என்றார், கையுறை எங்கே என்றார். பிறகு தானாகவே, வீட்டில் மூன்று வருஷமாக மூச்சுக்கு மெஷின் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றார். ஏன் சார் படிவத்தில் எழுதவில்லை என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எழுதியிருந்தா நீங்க கூட்டிட்டு வந்திருக்க மாட்டீங்களே.”

எடிசனிலிருந்து ஒரு போன்

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து அவர் மனைவி உமா கூப்பிட்டார். வானிலை சரியில்லாததால் திரும்பியதாக ராகவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். என் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாராம். வேறு ஏதோ நடந்திருக்கிறது, மறைக்காமல் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். எழுபத்தொன்றைப் பார்த்தும் நான் அவரை மேலே கூட்டிப்போனதையும் சேர்த்தே சொன்னேன். திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.  பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: “அவரா மனசு வந்து திரும்பிட்டார்னு நீங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன் மேடம்.”

இந்த வேலையை நான் ஓரளவு ஒழுங்காகச் செய்கிறேன் என்பதற்கு அத்தாட்சி கேட்டால், என் மேல் தீராத கோபத்தோடு நல்லபடியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஏழெட்டுப் பேரைத்தான் நான் காட்ட வேண்டியிருக்கும்.