ரேடியேட்டருக்குத் தண்ணீர்

எங்கள் பக்கத்துப் பஸ்களெல்லாம் அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகு வந்த முதல் ஆவணி மாதம். காரைக்குடியில் எங்கள் கல்லூரி மன்றத்தைத் தொடங்கி வைக்கத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வந்திருந்தார். பேச்சை முடிக்கும்போது, "உங்க ஊர்ல என்ன குறைன்னாலும் எழுதிக் குடுங்க. ஆதாரத்தோட எழுதுங்க. சபையில கேக்கிறது என் பொறுப்பு" என்றார். பின் வரிசையில் இருந்த எனக்கு அந்த நொடியே பொறி தட்டிவிட்டது. எங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றி எழுதலாமே!

எங்கள் ஊர் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. காரைக்குடி போகிற பஸ் ரோட்டோடு போய்விட வேண்டும், அதுதான் ரூட். ஆனால் காலையில் ஒரு வண்டி மட்டும் கண்மாய்க்கரை வழியாக ஊருக்குள் வரும். பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டின் முன்னால் மட்டும்தான் அது திரும்ப இடம் உண்டு. அங்கே நாங்கள் ஏறுவோம். கல்லூரிக்கு நான், பள்ளிக்கூடத்துக்கு மற்ற பெண்கள், காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போகிற பெண்கள்.

டிரைவர் சிடுமூஞ்சி மனிதர். ஒருநாள்கூட எங்களைப் பார்த்துச் சிரித்ததில்லை. "சீவிச் சிங்காரிச்சு முடிச்சாச்சா? பவுடர் பாக்கி இருந்தாச் சொல்லுங்கத்தா, வண்டிய அணைச்சுப்பிட்டு ஒக்காந்திருக்கேன்" என்பார். நாங்கள் ஏறுகிற நேரத்தில் கண்டக்டர் தகர டின்னோடு இறங்கிப் பக்கத்தில் உள்ள குளிக்கிற ஊருணியில் தண்ணீர் மொண்டு வருவார். டிரைவர் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் ஊற்றுவார். அது ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கும். ஊற்றுகிற தண்ணீர் முழுக்க வழிந்து மண்ணில் ஓடும். தினமும் இதே கூத்து.

எதற்கு என்று கண்டக்டரிடம் ஒருநாள் கேட்டேன். "ரூட்டுல இல்லாத ஊருக்குள்ள எதுக்குடா போனேன்னு செக்கிங்காரன் கேட்டா என்ன சொல்றது? எஞ்சின் சுட்டுருச்சு, தண்ணி பிடிக்கப் போனோம்னு சொல்லுவோம். தெனமும் சுடுது, நாங்க என்ன செய்ய?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "எல்லாத்தையும் ஒப்பிச்சுரு அந்தப் பிள்ளகிட்ட. காலேசு படிக்கிது, பரீச்சையில எழுதும்" என்றார்.

பரீச்சையில் எழுதவில்லை. மனுவில் எழுதினேன்.

எங்கள் ஊருக்குப் பஸ் தேவை என்பதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? ரூட்டே இல்லாமல் ஒரு பஸ் தினமும் வந்து போகிறது என்பதைவிடப் பெரிய ஆதாரம் என்ன இருக்கிறது என்று தோன்றியது. எத்தனை மணிக்கு வருகிறது, எங்கே திரும்புகிறது, எத்தனை பேர் ஏறுகிறோம் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். வெறும் மனுவாக இருந்தால் யார் படிப்பார்கள் என்று நினைத்துக் கடைசியில் இப்படி ஒரு வரியும் சேர்த்தேன்: "நிறைந்த ரேடியேட்டருக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிற அதிசயம் தமிழ்நாட்டிலேயே எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கிறது." எழுதிவிட்டு நானே சிரித்தேன். உறுப்பினரின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருடைய உதவியாளரும் அந்த இடம் வந்ததும் சிரித்து, "நல்ல கை உனக்கு" என்றார். வீட்டுக்கு வருகிற வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சபையில் கேள்வி வந்து, ஊருக்கு முறையாகப் பஸ் விடுகிற அன்றைக்கு, இது யார் வேலை தெரியுமா என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஆசை.

பொங்கல் விடுமுறை முடிந்து முதல் நாள் கிளம்பினால் பஸ் உள்ளே வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு எல்லோரும் ரோட்டுக்கு நடந்தோம். வந்த வண்டியில் புது டிரைவர், புதுக் கண்டக்டர். "உள்ள வர்றதுக்கு பெர்மிட் கிடையாதும்மா" என்று முடித்துவிட்டார்கள். மறுநாளும் அப்படியே. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. இருக்கட்டும், சபையில் என் கேள்வி வரட்டும், அப்போது தெரியும் இவர்களுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பழைய டிரைவர் எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அந்த மாதக் கடைசியில் எங்கள் வகுப்பைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். சட்டசபை பார்க்கவும் ஏற்பாடு. பார்வையாளர் சீட்டு வாங்கித் தந்தவர் அதே உறுப்பினர்தான். என் கேள்வி பட்டியலில் இருக்கிற நாளாகப் பார்த்து வாங்கியிருந்தார். ரயிலிலேயே தோழிகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

வாசலில் பேனா, நோட்டு, குடை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாடத்தில் உட்கார்ந்ததும் காவலர் ஒருவர் வந்து, பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மனதில் வைத்திருந்தது போர்க்களம். கீழே நடந்துகொண்டிருந்தது தபாலாபீஸ் காலை வேளை மாதிரி இருந்தது. ஒருவர் எழுந்து கேள்வி எண்ணைச் சொல்வார். அமைச்சர் எழுந்து தாளைப் பார்த்து வாசிப்பார். எங்கோ ஒரு மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இல்லையா? "ஆம்." எப்போது போடுவார்கள்? "பரிசீலனையில் உள்ளது." வேறொரு ஊரில் பாலம் இடிந்துவிட்டதா? "இல்லை." எப்போது கட்டுவார்கள்? "அந்தக் கேள்வி எழவில்லை." ஒருவர் துண்டு நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஒருவர் கன்னத்தில் கை வைத்தபடி நல்ல தூக்கம். பக்கத்தில் இருந்த தோழி என் காதில், "இதுக்காடி பேனாவப் பிடுங்குனாக?" என்றாள்.

எங்கள் உறுப்பினர் எழுந்தார். நான் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அமைச்சர் வாசித்தார். "அ. மேற்படி பேருந்து அனுமதியின்றி ஊருக்குள் சென்று வந்தது விசாரணையில் உறுதியாகியுள்ளது. ஆ. புதிய தடம் அமைக்கும் உத்தேசம் தற்போது இல்லை." பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு முகத்தில் சிரிப்போடு, "நிறைந்த ரேடியேட்டருக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிற அதிசயத்தை இந்த மன்றத்துக்குத் தெரிவித்த உறுப்பினருக்கு நன்றி. அந்த ஓட்டுநரும் நடத்துநரும் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறார்கள். எஞ்சின் இனிமேல் சூடாகாது" என்றார்.

அன்று காலை முழுக்க இல்லாத சிரிப்பு அப்போது எழுந்தது. மேசையைத் தட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து, என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். என் வரி அது. நான் தேடித் தேடிப் போட்ட வார்த்தைகள். தோழிகளும் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

உறுப்பினர் விடவில்லை. பள்ளிக்குப் போகிற பெண்களின் நலன் கருதி அரசு ஆவன செய்யுமா என்று துணைக்கேள்வி கேட்டார். "பரிசீலிக்கப்படும்." அடுத்த எண், வேறு ஏதோ ஊர்க் கிணறு. ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

பொங்கலுக்குப் பிறகு ரோட்டுக்கு நடந்துகொண்டே நான் யாரை நினைத்துப் பல்லைக் கடித்தேனோ, அந்த ஆள் நான்தான் என்று எனக்கு அங்கே, அந்த மாடத்தில், தெரிந்தது.

வெளியே வந்ததும் எங்கள் விரிவுரையாளர் அம்மா என் முதுகில் தட்டி, "உன் வாக்கியம் சபைக் குறிப்பில் ஏறிவிட்டது" என்று பெருமையாகச் சொன்னார். உறுப்பினர் எங்களுக்குக் காபி வாங்கித் தந்தார். அந்த டிரைவர் என்ன ஆவார் என்று கேட்டேன். "அது டிபார்ட்மெண்ட் விஷயம்மா. நாம கேட்டது ரூட்டு. பதிவாயிருச்சு, விடாமப் பார்ப்போம்" என்றார். நல்ல மனிதர்தான். அவர் செய்வதாகச் சொன்னதைச் செய்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பிய அன்று அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நம்ம டிரைவரு வேலைக்கு ஒல வச்சுட்டாகளாம். எவனோ எழுதிப் போட்டிருக்கான். அவன் கையி வெளங்காமப் போக." நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். "ரசம் ஊத்தட்டுமா?" என்றாள். பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பெண் வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் அவள் அம்மாதான் பதில் சொன்னாள்: "அவ கூடப் போனது ரெண்டும் நின்டுருச்சு. கம்மாக்கரையில வயசுப் பிள்ளையத் தனியா விடச் சொல்றியா? ஒனக்கென்ன, நீ தைரியக்காரி."

பஸ் ஸ்டாண்டில் விசாரித்து டிரைவர் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு, தண்ணி ஊருப் பிள்ளையா? பவுடர் போடாம வந்திருக்க" என்றார்.

நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கயிற்றை விடவில்லை. ஒரு சுற்று இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"வாத்தியாரு எவனாச்சும்னு நெனச்சேன். விசாரணையில மொத்தத்தையும் வாசிச்சுக் காட்டுனாகத்தா. நானும் எப்பவும் சொல்றதத்தான் சொன்னேன், எஞ்சின் சூடாயிருச்சுங்கன்னு. அந்த ஆபீசரு கோபமே படல. ஒன் வரியத் திருப்பி ஒருக்கா வாசிச்சாரு, அம்புட்டுத்தான்." போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தார். "ஒரு பொய்யி இல்ல அதுல. ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தாலும் அதப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்திருப்பேன்."

"வேற மனு எழுதித் தாரேண்ணே. தப்பு எம்மேலதான்னு எழுதுறேன்" என்றேன்.

கயிற்றைக் கீழே போட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "எழுதிறாதத்தா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அது கேலி இல்லை. உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மனைவி கடைசி வரை வெளியே வரவில்லை.

பங்குனியில் அவரை மறுபடி வேலைக்கு எடுத்து, ராமேசுவரம் போகிற பக்கம் ஒரு டெப்போவுக்கு மாற்றிவிட்டார்கள். கண்டக்டர் வேறெங்கோ. பஸ் இன்றுவரை ஊருக்குள் வருவதில்லை. புது ரூட் கேட்க என்ன செய்ய வேண்டும் என்று அதற்குரிய அலுவலகத்துக்குப் போன வாரம்தான் முதல்முறையாகப் போனேன். "உங்க பஞ்சாயத்துத் தீர்மானம் எங்கம்மா?" என்றார்கள். யாரும் போட்டதில்லை. யாரும் போடச் சொன்னதும் இல்லை. நான் ஊரைக் கேட்கவில்லை, பஸ்ஸில் வருகிற பெண்களைக் கேட்கவில்லை, அந்த டிரைவரிடம், "அண்ணே, இப்படி எழுதப் போறேன், எழுதலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இப்போது தெரியும். உண்மையை எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த உண்மைக்குள் ஒரு குடும்பம் ஒண்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துக் கூட்டம். தீர்மானம் போடச் சொல்லி நான்தான் எழுந்து கேட்க வேண்டும். முதல் மனுவை எழுதியவன் யார் என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் நானே சொல்லிவிடுவதாக இருக்கிறேன். அம்மாவும் வருவாள். அவள் சபித்த கையைத்தான் அங்கே தூக்க வேண்டும்.

அதற்கு முந்தின நாள் வேறு ஒரு வேலை இருக்கிறது. இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அந்த டெப்போவுக்குப் போய், இதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். வேண்டாம் என்றால் அங்கேயே கிழித்துவிடுவேன். ஏதாவது ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னால் அதை அடித்துவிட்டுத்தான் பத்திரிகைக்குத் தபாலில் சேர்ப்பேன், அது எனக்கு எவ்வளவு பிடித்த வரியாக இருந்தாலும்.