விளக்கு வைத்த நேரத்தில் வந்த அழைப்பு

வெள்ளிக்கிழமைகளில் வடிவம்மாளின் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வராது. அரிசி டப்பா காலியானால்கூட, "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வாங்க" என்பாள்.

"நிறைஞ்சிருந்தா நான் ஏன்டி பசாருக்குப் போகணும்?" என்று கணவர் சுப்பையா கிண்டல் செய்வார்.

"விளக்கு வச்ச நேரத்துல வாயை மூடிக்கிட்டுப் போங்கலா!"

சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் இப்படித்தான் அவர்கள் வாழ்க்கை ஓடியது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை கேன்டீனில் ஆண்டுக்கணக்காக நின்று சமைத்ததில் வடிவம்மாளின் வலது முழங்கால் தேய்ந்துபோனது. 1993இல் மருத்துவர்கள் உலோக மூட்டு பொருத்தினார்கள். அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். கம்பெனி பஸ்ஸின் உயரமான படியில் மறுபடியும் ஏற வேண்டும். கேன்டீன் நடத்திய காஜா மொய்தீன் அவள் இடத்துக்கு யாரையும் போடாமல் காத்திருந்தார்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தாதி சல்மா விளக்கினாள்: "நான் போன் பண்ணி, மடங்குதா, நடக்க முடியுதான்னு கேப்பேன்கா. நீங்க சொல்ற பதிலை வச்சுத்தான் டாக்டர் முடிவு பண்ணுவாரு. சரியில்லன்னா உடனே கூப்பிட்டு, மயக்கம் குடுத்து மடக்கி விடுவாங்க. மூணு மாசத்துக்குள்ள செஞ்சாதான் பலிக்கும். நல்லா இருந்தா அடுத்த வருஷம் வந்தா போதும்."

ஒன்றரை மாதமாகியும் முட்டி கட்டைபோல் விறைத்தே கிடந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுவாள் பாவி! சல்மாவின் அழைப்பு ஒன்றுதான் அவளுடைய நம்பிக்கை.

அழைப்பு வந்தது. ஐயோ, அது வெள்ளிக்கிழமையாகவா இருக்க வேண்டும்? அப்போதுதான் விளக்கேற்றியிருந்தாள்.

"முட்டி மடங்குதாக்கா?"

கண்ணெதிரே அம்மன் படம். மடங்கலை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"நிறைவா இருக்கும்மா."

"நடக்க முடியுதா?"

"அதுவும் நிறைஞ்சுதான் இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்! கேக்கவே சந்தோஷமா இருக்குக்கா."

போனை வைத்ததும் சுப்பையா பதறினார். "என்னாடி சொன்ன?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். சல்மா தமிழ்ப்புள்ளதானே, புரிஞ்சிருக்கும். கூப்பிடுவாங்க."

யாரும் கூப்பிடவில்லை. சுப்பையா மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டார். வேறு யாரோ எடுத்து, "உங்க தேதி அடுத்த வருஷம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எல்லாம் தெரிந்துதான் டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார் என்று எண்ணி, இருவரும் வாய்மூடிக் காத்திருந்தார்கள். அதற்குள் காஜா மொய்தீனும் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

மறு ஆண்டு டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. உள்தழும்பு இறுகிவிட்டது, மறுபடி திறக்க இவளுடைய இதயம் தாங்காது என்றார்.

சல்மா அவள் கையைப் பற்றினாள். "நிறைவா இருக்குன்னு சொன்னீங்களேக்கா!"

"அப்படின்னா இல்லைன்னுதானேம்மா அர்த்தம்? உங்க வீட்ல அப்படிச் சொல்ல மாட்டீங்களா?"

சல்மாவின் முகம் வெளுத்தது. "எங்க வீட்ல இல்லைன்னா இல்லைன்னுதான்கா சொல்லுவோம்" என்றவள், முக்காட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். யாரைத் தேற்றுவது, யார் தேற்றுவது?

மருத்துவமனை வாசலில் டாக்சி வந்து நின்றது. மடங்காத காலோடு முன்சீட்டில் உட்கார இடம் போதவில்லை. டிரைவர் யூசுப் பின்கதவைத் திறந்தார். "குறுக்க நீட்டிக்குங்கக்கா, மெதுவா." வடிவம்மாள் ஒரு கதவில் முதுகைச் சாய்த்து, சீட்டு முழுக்கக் காலை நீட்டிக்கொண்டாள். மனைவிக்குப் பக்கத்தில் உட்கார இடமில்லாமல் சுப்பையா முன்னால் போய் ஏறினார்.

"போலாமாண்ணே?" என்றார் யூசுப்.

சுப்பையா பின்சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வண்டி நகர்ந்தது.