பட்டாளத்துச் சட்டையும் அக்குள் துண்டும்

வீரபாண்டியில் ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எனக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டில் விடுமுறை நாட்களில் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பட்டாளக்காரர்களாக வேஷம் கட்டும் ஒரு கூட்டத்துக்குச் சட்டை தைக்க ஆர்டர் வந்தது. ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பிய சாம்பிளில் இரண்டு அக்குளிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத் துணித்துண்டு வைத்துத் தைத்திருந்தது.

“இது எதுக்குங்க வெட்டியா? தூக்கிரலாங்க. துணியும் மிச்சம், தையலும் மிச்சம்” என்று முதலாளியிடம் நான்தான் சொன்னேன். வெட்டும் அளவு வரையும் பேட்டர்ன் மாஸ்டர், எடுக்க வேண்டாம் என்றார். நான் கேட்டால்தானே!

பைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பையரே வந்தார். அளவெடுக்கும் டேப்பைத் தொடவில்லை. எங்கள் ஆட்கள் ஆறு பேருக்குச் சட்டையை மாட்டிவிட்டார். சண்டை இல்லாத காலத்தில் சிப்பாய் துப்பாக்கியைத் துடைத்ததைவிடத் தரையைத் துடைத்ததுதான் அதிகமாம். அந்த வேலைகளை எல்லாம் இவர்கள் செய்ய வேண்டுமாம்.

அயர்னிங் மாஸ்டர் ராசு அண்ணன் தலைமையில் பட்டாளம் இறங்கியது. வாசலைக் கூட்டினார்கள், உருளைக்கிழங்கு சீவினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, துவைத்த துணியைக் கொடியில் போடச் சொன்னார். ராசு அண்ணன் கையைத் தூக்கினார். டர்ர்! பக்கத்தில் நின்றவருக்கும் டர்ர்!

“காத்து நல்லா வருதுங்க தம்பி” என்றார் ராசு அண்ணன். செக்கிங் செக்‌ஷனே விழுந்து விழுந்து சிரித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பனியன் துணியிலேயே பிழைத்தவன் நான். இழுத்தால் இழுபடும் என்ற நினைப்பு. இதுவோ தறியில் நெய்த துணி. கையைத் தூக்க இடம் கொடுத்ததே அந்தத் துண்டுதான்.

துண்டை எடுத்தது யார் என்று பையர் கேட்டார். அன்று சரி என்று தலையாட்டிய முதலாளியே பேட்டர்ன் மாஸ்டரை முறைத்தார். பாவம், அந்த மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று, “நான்தானுங்க” என்றேன்.

முதலாளி கிழிந்த சட்டை ஒன்றை என் கையில் திணித்தார். பிறகு, “அத்தனை சட்டையும் பிரிச்சுத் துண்டு வெச்சாகோணும். அப்பறம் அதப் போட்டுட்டுப் பட்டாளத்துக்கு நீங்களே போங்க” என்றார்.

மறுவாரம் கம்பெனி மொத்தமும் வேடிக்கை பார்க்க, நான் துண்டு வைத்த சட்டையோடு குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, கூட்டித் துடைத்து, துணி துவைத்துக் கொடிக்குக் கொண்டுபோனேன்.

“கைய நல்லாத் தூக்குங்க கண்ணு!” என்றார் செக்கிங் அக்கா ஒருவர். தூக்கினேன். தையல் பிரியவில்லை. வேலையும் போகவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எதையும் வெட்டுவதற்கு முன், போட்டுக்கொள்கிறவர் அதில் என்ன வேலை செய்வார் என்று கேளுங்கள். நான் எந்த சாம்பிள் வந்தாலும் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்துவிடுவேன். போன வாரம் வந்தது லேடீஸ் நைட்டி. அதையும் போட்டுத்தான் பார்த்தேன்.