கை தூக்காதவர்

போர் விமானத்தில் பைலட் உட்காரும் சீட்டை வடிவமைக்கிற பிரிவில் நான் டிரேஸர். எஞ்சினியர் பென்சிலில் போட்ட படத்தை மையால் பிரதி எடுக்கிற வேலை. உத்திரமேரூர் பக்கத்துப் பெருநகர் கிராமம்தான் அந்த எஞ்சினியருக்கும் எனக்கும் ஊர். அவர் வீட்டு நிலத்தில் நடவு நட்டுத்தான் என் அம்மா என்னை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்.

விமானம் வேகமாகத் திரும்பும்போது பைலட்டின் ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டிவிடும், நினைவும் தப்பும். இதைப் பற்றிய ரிப்போர்ட்டுகளைப் படித்துப் படித்து எனக்கு ஒன்று தோன்றியது. முதுகை நன்றாகச் சாய்த்துக் காலையும் தூக்கிவைத்தால் ரத்தம் தலைக்கு ஏறுவது சுலபம். வரைந்து கொண்டுபோய் எஞ்சினியரிடம் காட்டினேன்.

எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தார். "எங்க வூட்டு வாசல்ல உக்காரவே பயப்படற ஜனம். நீ பைலட்டுக்கு சீட்டு போடறியா?"

நான் அழவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

பங்குனித் திருவிழாவுக்கு அவரும் நானும் ஊருக்கு வந்திருந்தோம். என் அண்ணன் உத்திரமேரூரில் ரைஸ் மில் ஃபிட்டர். அண்ணன்தான் நெல் காயவைக்கும் களத்தில் சுழலும் தூண் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் குறுக்காக ஓர் இரும்பு விட்டம் பூட்டி, இரண்டு முனையிலும் நாற்காலி தொங்கவிட்டு, ஆயில் எஞ்சினிலிருந்து பெல்ட் மாட்டிக் கொடுத்தது. ஒன்று நிமிர்ந்த நாற்காலி. இன்னொன்று நான் வரைந்தபடி சாய்ந்த நாற்காலி. "என் சீட்ட சோதிச்சுப் பாக்கலாம் வாங்க. பயமா இருந்தா வர வேணாம்" என்று எஞ்சினியருக்குச் சொல்லியனுப்பினேன். சலவை வேட்டியில், பங்காளிகள் பத்துப் பேரோடு வந்தார்.

"நிமிர்ந்ததுல உக்காருங்க சார். முடியலைன்னா கையத் தூக்குங்க, அண்ணன் நிறுத்திடும்."

"நான் தூக்க மாட்டேன். நீ கத்தாம இரு."

புடவையைக் கணுக்காலோடு கயிற்றால் கட்டிக்கொண்டு நான் சாய்ந்ததில் படுத்தேன். விட்டம் சுற்றியது. நாற்காலிகள் வெளிப்பக்கம் எழும்பின. நெஞ்சில் நெல் மூட்டை ஏற்றியதுபோல் பாரம். ஆனால் கண் தெளிவாக இருந்தது. எதிர்முனையில் அவர் முகம் வெளுத்தது, கன்னம் தொங்கியது, தலை சரிந்தது. கை எழவே இல்லை.

"இன்னாம்மா, நிறுத்தட்டா?" அண்ணன் கத்தியது.

நிறுத்தியிருக்க வேண்டும். "இன்னும் நாலு சுத்து" என்றேன். நாலையும் எண்ணினேன்.

இறக்கியபோது அவருக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. வேட்டி நனைந்திருந்தது. பங்காளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் இறங்கி நின்றேன்.

லீவு முடிந்து போனதும் என்னை ஸ்டோருக்கு மாற்றினார். ஆறு மாதத்தில் சாய்ந்த சீட்டின் படம் அவர் கையெழுத்தோடு மேலே போனது. பைலட்டுகளுக்கு நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

"ஒரு மனுஷன் செத்திருந்தா?" என்று எங்கள் சர்ச் பாதிரியார் பிறகு கேட்டார். மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணச் சொன்னார். முழங்கால் போட்டேன். மன்னிப்புக் கேட்க மனசு ஒப்பவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.