ஆவணிக்குச் சாமி இல்லை

போன வெள்ளிக்கிழமை, சைக்கிளில் போகிறவர்களைக் காப்பாற்றச் சட்டம் கேட்டு மனு தயார் பண்ணப் போகிற வழியில், சைக்கிளில் போன ஒருவரை இடித்துத் தள்ளினேன்.

பதறாதீர்கள். ஆள் நன்றாக இருக்கிறார். நான்தான் கொஞ்சம் சரியில்லை.

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் நம் மாநில அரசு தனியாக ஒரு சட்டம் போட வேண்டும் என்று வீராவேசமாக எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? நானும் தினமும் வாக்கிங் போகிறவன்தான் என்று அதில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். வாக்கிங் போகிற மைதானம் வரைக்கும் காரில் போகிறவன் என்பதை மட்டும் எழுதவில்லை. இடம் போதவில்லை.

"எழுதினால் போதுமா சார், எம்.எல்.ஏ.வைப் பார்த்து மனு கொடுங்கள்" என்று சிலர் உசுப்பிவிட்டார்கள். உசுப்பிவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. கையால் நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு, கம்பத்தில் இருந்து உத்தமபாளையத்துக்குக் கிளம்பினேன். அங்கே என் சிநேகிதர் ஒரு ராவுத்தர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். மனு டைப் செய்வதில் கில்லாடி. ஆனால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார். அதற்குள் பிடிக்க வேண்டுமே என்று ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன்.

அனுமந்தன்பட்டிப் பக்கம் முன்னால் ஒரு சைக்கிள். எதிரே ஒரு பஸ். நான் பிரேக் போட்டிருக்கலாம். ஆனால் ஹாரன் அடித்தேன். பிரேக் தேயக் கூடாது என்றுதானே கம்பெனிக்காரன் ஹாரன் வைத்துக் கொடுத்திருக்கிறான்?

என் காரின் சைடு கண்ணாடி அவருடைய ஹேண்டில்பாரில் தட்டியது. சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பின்னால் மாட்டியிருந்த தூக்குவாளி உருண்டு போய் மூடி திறந்துகொண்டது.

காரை ஓரம் கட்டி, ஜன்னலை இறக்கினேன். மனிதாபிமானம் குறித்து நாலு பக்கம் எழுதிய என் வாயில் இருந்து முதலில் என்ன வந்தது தெரியுமா?

"ஏலே! ரோட்டுல பாத்துப் போக மாட்டியா?"

அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். எழுந்ததும் வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அடிக்கத்தான் ஓங்குகிறார் என்று நினைத்து நான் ஜன்னலை மறுபடி ஏற்ற ஆரம்பித்துவிட்டேன். கையை இறக்கினார், மறுபடி தூக்கினார், பெருமூச்சு விட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் கோபம் இல்லை... ஆச்சரியம்!

"சார், நீங்களா? கார்த்திகை மாசம் எங்க ஊரு வெலக்குல கார நிப்பாட்டி, கண்ணாடிய எறக்கி, 'மொதல்ல நீங்க போங்க சாமி'ன்னு கும்பிட்டீகளே... நாந்தேன் சார் அந்தச் சாமி."

எனக்கு ஞாபகம் வந்தது. கறுப்பு வேட்டி, துளசி மாலை, செருப்பில்லாத காலோடு சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தவர். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அன்றைக்குப் பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்ததற்கு, "சாமி போறது கண்ணு தெரியலயா?" என்று அவனை நான் திட்டக்கூடச் செய்தேன்.

அதே ரோடு. அதே சைக்கிள். அதே மனிதர். கார்த்திகையில் சாமி... ஆனியில் ஏலே! அவர் கழுத்தில் இருந்த மணிகள் மட்டும்தான் இப்போது இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலை ஏற்றப் போன வெட்கம் வேறு.

வளைந்துபோன சைக்கிளை டிக்கியில் பாதி, வெளியே பாதியாக வைத்துக் கட்டி, அவரையும் ஏற்றிக்கொண்டு உத்தமபாளையம் போனேன். பெயர் முத்துராசு. திராட்சைத் தோட்டங்களில் கொடிகளைக் கழித்துவிடுகிற கவாத்து வேலைக்காரர். ஒரு தோட்டத்தை முடித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவரைத்தான் நான் இடித்திருக்கிறேன்.

"கையை எதுக்கு அப்படித் தூக்கிப் பாத்தீக?" என்று கேட்டேன். மரியாதை திரும்ப வந்திருந்தது.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு லோடு ஆட்டோ தட்டிருச்சு சார். தோளுக்குள்ள பிளேட்டு வச்சிருக்கு. பந்தல்ல கவாத்துன்னா நாள் பூரா கையத் தூக்கிக்கிட்டே வெட்டணும்ல? இன்னொருக்கா விழுந்தா கை மேல ஏறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. கை ஏறலன்னா எனக்கு வேற தொழில் தெரியாது. அதான்... விழுந்தா மொதல்ல தூக்கிப் பாத்துக்கிருவேன்."

சென்டருக்குப் பக்கத்து ரிப்பேர் கடையில் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே போனோம். ராவுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்துராசுவின் சட்டையில் இருந்த மண்ணைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

"அப்ப மாலை போட்டா ஒரு வண்டியும் இடிக்க மாட்டேங்குதா?" என்று முத்துராசுவைக் கேட்டார்.

"கிட்டயே வர மாட்டாக பாய். லாரிக்காரன்கூட ஒதுங்கித்தேன் போவான். அதுல இருந்து நான் ஒரு கணக்கு வச்சிருக்கேன். புரட்டாசில பெருமாளுக்கு, ஐப்பசில கந்த சஷ்டிக்கு. கார்த்திகை மார்கழி ஐயப்பன். தைல பழனி. மாசில குலசாமி, பங்குனில மறுபடி பழனி. சித்திரையில வீரபாண்டி ஆத்தா. வைகாசில விசாகம். ஆடில அம்மன். எல்லாத்துக்கும் வெரதம் இருந்து, வேட்டி கட்டி, மாலையும் போட்டுக்கிருவேன். ஆனிக்கும் ஆவணிக்கும்தேன் சாமி இல்ல."

"ஆவணில பிள்ளையார் இருக்காரே?" என்றேன்.

"அவருக்கு யாரு சார் மாலை போட்டு நடக்குறாக? லோடு ஆட்டோ என்னயத் தட்டுனதே ஒரு ஆவணி மாசந்தேன்."

"சும்மா ஒரு மாலையை மாட்டிக்க வேண்டியதுதானே?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சாமிக்கிட்டப் பொய் சொல்லலாமா சார்?"

வாக்கிங் போகிற விஷயத்தில் உங்களிடமே பொய் சொன்னவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ராவுத்தர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "அது சரி முத்துராசு, நான் தினமும் நடந்துதான் கடைக்கு வாரேன். நான் எந்த மாலையப் போடுறது?"

முத்துராசு நிஜமாகவே யோசித்தார். "உங்களுக்கு நோம்பு ஒரு மாசம் வருதுல்ல பாய்?"

"நான் நோம்பு வச்சிருக்கது லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரியும் இதத்தேன் கேக்குறா" என்றார் முத்துராசு. "அவ கேரளாவுல ஏலக்காத் தோட்ட வேலைக்குப் போறா. விடியுமுன்ன ஜீப்பு ஏற ரோட்டத் தாண்டணும். அங்கன பத்திருபது பொம்பளைக நிப்பாக. 'ஆம்பளைக நீங்க மாலையப் போட்டுத் தப்பிச்சிருவீக, நாங்க என்ன செய்ய?'ங்குறா."

ராவுத்தர் என் மனுவைச் சத்தமாகப் படித்துக்கொண்டே டைப் செய்ய ஆரம்பித்தார். சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஐந்தடி இடைவெளி. ஊருக்குள் ரோடு பிரிகிற விலக்குகளில் வேகக் கட்டுப்பாடு. ஆட்கள் ரோட்டைத் தாண்டுகிற இடங்களில் வண்டி நின்றுதான் போக வேண்டும். இடித்தவர் மீது வழக்கு. இதுவரை கம்பீரமாகத்தான் இருந்தது. அடுத்து வந்தது என் முத்திரை வரி: 'வாகன ஓட்டிகள் பாதசாரிகளிடம் கருணையோடு நடந்துகொள்ள அரசு அறிவுறுத்த வேண்டும்.'

"கருணையெல்லாம் கார்த்திகையில நெறைய இருக்கு சார்" என்றார் முத்துராசு.

கிண்டலாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். ராவுத்தர் டைப் செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கருணையை எடுத்துரவா அண்ணே?"

எடுக்கச் சொன்னேன். 'கட்டாயம்' என்று போடச் சொன்னேன். இப்போதும் பொதுவாகச் சட்டம் இருக்கத்தான் செய்கிறது... கவனமாக ஓட்ட வேண்டும் என்று. கவனம் என்றால் எத்தனை அடி? சாமிக்கு ஐந்தடி, சாதாரண ஆளுக்கு அரையடி என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேனே, அந்த மாதிரியா? ஓட்டுகிறவனின் பக்தியை நம்பி ஒருவர் தோளை ஒப்படைக்க முடியாது. முக்கியமாக, என் பக்தியை நம்பி.

முதல் கையெழுத்து முத்துராசு போட்டார். வலது கையால், நிதானமாக.

சைக்கிள் ரெடியாகியிருந்தது. தூக்குவாளியைக் கழுவி மாட்டிக்கொண்டார். அப்போதுதான் கேட்டேன், சாப்பாடு என்னவாக இருந்தது என்று.

"நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு சார். புரட்டாசியில இருந்து வைகாசி வரைக்கும் ஒம்போது மாசம் வாயக் கட்டிட்டு, இந்த ஆனியில மொத மொதலா இன்னைக்குத்தேன் வச்சுக் குடுத்தா."

எல்லாம் அனுமந்தன்பட்டி ரோட்டு மண்ணில். ஓட்டலுக்குக் கூப்பிட்டேன். தோட்டத்தில் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, ரோட்டு ஓரமாக, ரொம்ப ஓரமாக மிதித்துப் போய்விட்டார்.

ராவுத்தர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மனுவில் கடைசியாக ஏதாவது சேர்க்கணுமா என்று கேட்டார். ஒரு வரி சொன்னேன். 'கருவாடு தின்றவனும் உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும்.'

"இத அப்படியே அடிக்கவா?"

அப்படியே அடிக்கச் சொன்னேன்.

மனு கொடுத்தாகிவிட்டது. 'ஆவன செய்யப்படும்' என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனி முடியப் போகிறது. ஆடிக்கு முத்துராசுவை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

ஆவணிக்குத்தான்... அரசாங்கம் மனது வைக்க வேண்டும்.