சர்வருக்கு மாலை போட்ட ஞானப்பிரகாசம் சார்

ஞானப்பிரகாசம் சார் விழுப்புரத்தில் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கோட்டு போட்ட அவருடைய படம். கீழே 'கணினி மேதை மறைந்தார்'. எனக்குப் புரையேறிவிட்டது. செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நானும் முயன்று பார்த்தேன், முடியவில்லை. நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். மேதை என்று எழுதிய விரலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு கேளுங்கள்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் எடுத்தேன். அவர் ஆய்வகப் பொறுப்பாளர். அதாவது, சாவி அவரிடம் இருந்தது. செருப்போடு யாரையும் உள்ளே விடமாட்டார். "வைரஸு கால் வழியாத்தான் வரும் டீச்சர், வெளியவே கழட்டிட்டு வாங்க" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முதல் வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஈரத் துணியால் வாசற்படியைத் துடைத்துக்கொண்டே அதைச் சொன்னார். அப்போதுதான் இந்த ஆளுக்கு விளையாடவும் தெரியாது என்று புரிந்தது.

மூலையில் ஒரு பழைய கணினி உண்டு. அதற்குச் சர்வர் என்று பட்டம். மற்ற கணினிகள் எல்லாம் அதிலிருந்துதான் இயங்கும். பிள்ளைகள் எழுதிய புரோகிராம்களும் அதற்குள்தான். "காத்தோட்டமா இருக்கணும்" என்று அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவர், அதை எங்கே வைத்தார் என்பதை மறந்துவிட்டார். நம் பள்ளியின் பாதுகாவலரான புனிதருக்குத் திருவிழா வந்தால் ஃபாதரை அழைத்து வந்து சர்வரை மந்திரிக்கச் சொல்வார். ஃபாதரும் மின்சாரத்துக்குப் பயந்து தூரத்தில் நின்றே தீர்த்தம் தெளிப்பார். பிறகு சார் மல்லிகை மாலை ஒன்றைச் சர்வரின் தலையில் சாத்துவார். காய்ந்து கருகினாலும் எடுக்க விடமாட்டார். மந்திரித்ததை மனிதன் எடுக்கக் கூடாதாம்.

ஒரு வருடம், செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் காலையில், அந்தச் சர்வர் தானாக அணைய ஆரம்பித்தது. அது அணைந்தால் ஆய்வகம் முழுக்க அணையும். தேர்வு நடக்காது, பிள்ளைகளுக்கு மதிப்பெண் கிடையாது. சார் வந்து ஒரு பார்வை பார்த்தார். "வைரஸு. ஃபார்மேட் பண்ணிடலாம்."

அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. தலைவலிக்குத் தலையை வெட்டுவது. அத்தனையும் அழிந்துபோகும், திரும்ப ஏற்ற வேண்டிய சி.டி.யையோ அவர் விழுப்புரத்தில் யாருக்கோ இரவல் கொடுத்திருந்தார்.

"சார், புள்ளைங்க வேலையெல்லாம் அதுலதான இருக்குது?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர். நாளைக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வர்றாரு. பேஜாரு பண்ணிக்கினு நிக்காதீங்க, ஜல்தியா முடிச்சிர்றேன்."

நான் விசைப்பலகை மேல் கையை வைத்துக்கொண்டு நகரவில்லை. காலையில் முதலில் போட்டபோது அது நெடுநேரம் ஓடியது. அணைந்ததும் திரும்பப் போட்டால் டீ ஆறுவதற்குள் அணைந்தது. சாப்பாட்டு வேளை முழுக்க நிறுத்தி வைத்துவிட்டுப் போட்டால் மறுபடி நெடுநேரம். ஓய்வு கொடுத்தால் வைரஸ் திருந்துமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே கை விட்டேன். மதர்போர்டில் பிராசஸர் மேல் இருக்கும் அலுமினியக் கட்டி தோசைக்கல்லாகச் சுட்டது. அதைக் குளிர்விக்க வேண்டிய சின்ன விசிறியை விரலால் தள்ளினால் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். அச்சைச் சுற்றி வாழைநார், நாரில் காய்ந்த மல்லிகை.

இடுக்கியால் பிடுங்கி எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். "மாலைல தப்பில்ல டீச்சர். அந்தக் காலத்து ஃபேனு, வலு இல்ல" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தையல் டீச்சரிடம் மெஷின் எண்ணெய் வாங்கி ஒரு சொட்டு விட்டேன். விசிறி சுழன்றது, கிழவர் மாடிப்படி ஏறுவதுபோல. அவ்வளவு பழைய போர்டுக்குப் புது விசிறி திண்டிவனத்திலும் இல்லை, விழுப்புரத்திலும் இல்லை. பெரிய டேபிள் ஃபேன் ஒன்றைச் சர்வரின் திறந்த பக்கம் பார்த்து வைத்தேன். அணையாமல் ஓடியது.

மறுநாள் தேர்வின் நடுவில் கரண்டு போனது. யு.பி.எஸ். கணினிகளைத் தாங்கியது, டேபிள் ஃபேனுக்கு அதில் இடமில்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஞானப்பிரகாசம் சார் ஒரு பரீட்சை அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, சர்வர் பக்கத்தில் முழங்காலில் நின்று விசிற ஆரம்பித்துவிட்டார். கோயிலில் மூட்டு வலி என்று சொல்லி ஒருநாளும் முழங்காலிடாத மனிதர். எக்ஸ்டர்னல் முறைத்துப் பார்த்தார். இவர் நிமிரவே இல்லை.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண், பஸ்ஸைத் தவறவிட்டுக் கடைசியில் வந்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் கரண்டு வந்து டேபிள் ஃபேன் சுற்றியது. சாரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை நிற்கவில்லை.

"போதும் சார், கரண்டு வந்துடுச்சி."

"வந்தது திரும்பப் போவாதுன்னு யாரு சொன்னது? அந்தப் பொண்ணு முடிக்கட்டும்."

அவள் முடித்தாள், தேறினாள். மறுநாள் ஆசிரியர் அறையில் சார், வைரஸைத் தான் விரட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த திருவிழாவுக்குச் சர்வர் மேல் மறுபடியும் மாலை. அவர் திருந்தவில்லை. நானும் அவரை மதித்ததில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக இப்போது மதிக்கப் போவதுமில்லை.

நேற்று விழுப்புரம் போய் அவர் பெட்டி மேல் ஒரு பிடி மண் போட்டேன். கணினி மேதை உங்களுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளரையும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோட்டு போட்ட படத்தையும்தான். பிறத்தியார் வீட்டுப் பெண் எழுதி முடிக்கும்வரை முழங்காலை எடுக்காமல் விசிறிக்கொண்டிருந்தாரே, அந்த ஆளை மட்டும் நான் யாருக்கும் தரமாட்டேன்.