இரண்டு முறை கட்டிய பெட்டி

மஸ்கட்டிலிருந்து டிக்கெட் வந்த நாள் முதல் என்னால் ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுவேன். இரண்டு வாய் உள்ளே போனதும் ஏதாவது ஞாபகம் வரும். தட்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் பெட்டியிடம் ஓடுவேன். எண்பதுகளின் தொடக்கம் அது. பெரியவளுக்கு ஐந்து வயது. சின்னவனுக்கு இன்னும் உட்காரத் தெரியாது. திருவண்ணாமலையில் எங்கள் தெருவிலேயே விமானம் ஏறியவர்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் ஆண்கள், ஒற்றைப் பெட்டியோடு கை வீசிப் போனவர்கள். கைக்குழந்தையோடு போனால் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்க ஒரு பெண் இல்லை.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஒரு கட்டட கம்பெனியில் மின்சார வேலைகளுக்கு மேற்பார்வையாளர். குடும்பத்தை அழைத்துக்கொள்ள அப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. சின்னவனை அவர் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தார். நான் மாமனார் வீட்டில் இருந்தேன். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மாமனாருக்கு மணிலாக்கொட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். வீட்டை நடத்தியது என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து அப்பா வீட்டுக்குத் திரும்பியவர். குழந்தை இல்லை.

சின்னவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு ரத்தம் கம்மி என்று டாக்டர் படுக்க வைத்துவிட்டார். கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டில் பிரசவம் முடியும்வரை படுத்தே கிடந்தேன். அத்தனை மாதங்களும் பெரியவளைப் பார்த்துக்கொண்டது அண்ணிதான். நான் குழந்தையோடு திரும்பி வந்தபோது அவள் அண்ணி பக்கத்தில் படுக்கப் பழகியிருந்தாள். சாதம் அண்ணி பிசைந்தால்தான் இறங்கும். தலை பின்ன என்னிடம் வந்தால், "அத்தை மாதிரி இறுக்கமாப் போடு" என்பாள்.

பெட்டி, போன லீவில் என் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. பழுப்பு நிறம், பெரிசு, குறுக்கே பெல்ட் போட்டுக் கட்டுவது. எனக்கும் பெரியவளுக்கும் ஆளுக்கு இருபது கிலோ, கைக்குழந்தைக்குப் பத்து கிலோ என்று மெட்ராஸ் ஏஜென்ட் சொல்லியிருந்தார். முதலில் கேட்டபோது ஏராளமாகத் தோன்றியது. வைக்க ஆரம்பித்த பிறகுதான், இருப்பதிலேயே சின்ன மனுஷனுக்குத்தான் சாமான் ஜாஸ்தி என்று தெரிந்தது. மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த துணிகள் மட்டுமே ஒரு பெரிய அடுக்கு. பால்பவுடர் டப்பாக்கள், கண்ணாடி பாட்டில், அது உடைந்தால் இன்னொன்று, ரப்பர் ஷீட், கிரைப் வாட்டர், வசம்பு, ஜாதிக்காய், உரசும் கல். கல் வேண்டாம் என்று எடுத்துப் போடுவேன். அங்கே கல் கிடைக்குமா என்ற சந்தேகம் வந்ததும் மறுபடி வைப்பேன். இதற்கு நடுவே தெருவில் இருந்தவர்கள் மஸ்கட்டில் இருந்த தங்கள் மகன்களுக்கும் மருமகன்களுக்கும் ஊறுகாய், வடகம், இட்லிப் பொடி என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. வாங்கி வைத்துவிட்டு எங்கே வைப்பது என்று சுற்றி வருவேன்.

பெட்டி நிரம்பியதும் மண்டிக்குத் தூக்கிப் போய் மூட்டை நிறுக்கும் தராசில் வைப்பார்கள். எடை ஜாஸ்தி என்று திரும்பி வரும். பிரித்து எடுப்பேன். மறுபடி போகும். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் பெட்டியைக் கண்டாலே, "இன்னிக்கு என்னாத்த கழிச்சீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டி முழுக்க மணிலாக்கொட்டைத் தூசி.

அண்ணி இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. பெரியவளின் துணிகளை மட்டும் அவரே துவைத்து, மடித்து, அடுக்கிக் கொடுத்தார். ஆனால் ஒரு கவுனை இன்று கொடுப்பார், நாளை, "இது இங்க போட்டுக்க இருக்கட்டும்" என்று திரும்ப எடுத்துப் போவார். ஏன் என்று கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

கிளம்ப நான்கைந்து நாள் இருக்கும்போது பெரியவளுக்கு உடம்பு காய்ந்தது. பங்குனி வெயிலில் விளையாடினதால் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் உடம்பு துடைக்கச் சட்டையைக் கழற்றிய அண்ணி அப்படியே நின்றார். முதுகில் நான்கு, கழுத்தில் இரண்டு, நீர் கோத்த கொப்புளம்.

"அம்மா வந்திருக்கா," என்றார். "நீ கிட்ட வராத. சின்னவனைத் தூக்கிட்டு மேல போ."

வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. வீட்டில் தாளிப்பது நின்றது. சின்னவனுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று நான் அவனோடு மாடி அறைக்குப் போனேன். பெட்டியும் மேலே வந்தது. கீழே பெரியவள், அண்ணியோடு. அண்ணிக்குச் சின்ன வயதிலேயே வந்து போனது.

அந்த மாடி அறையில் நான் நடந்த நடைக்கு அளவே இல்லை. ஓட்டு அறை. மலையும் காய்ந்து, ஓடும் காய்ந்து, மத்தியானத்தில் உள்ளே நிற்க முடியாது. சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் போய்ப் போய் வருவேன். படி உச்சியில் நின்று கூப்பிடுவேன்.

"பாப்பா, அரிக்குதா?"

"அத்தை வேப்பிலையால தடவுறாங்க," என்று குரல் வரும்.

"சொறியாதடா."

"சொறியல. நீ எப்போ ஏரோபிளேன்ல போற?"

'நீ' என்றாள். 'நாம' என்று சொல்லவில்லை. அதைக் கேட்டதும் பெட்டியைத் திறந்து, அடுக்கியதையெல்லாம் கலைத்து, முதலிலிருந்து அடுக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாமனார் மண்டி போனிலிருந்து மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டார். டிக்கெட்டின் தேதியைத் தள்ளலாம், ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் போய் இறங்காவிட்டால் விசா போய்விடும் என்றார் ஏஜென்ட். பெரியவளுக்கு மூன்று தண்ணீர் ஊற்றி எழுப்புவதற்குள் மாதம் முடிந்துவிடும். மாமனார் மாடிப்படி அடியில் வந்து நின்றார்.

"நீ சின்னவனத் தூக்கிட்டுக் கிளம்பும்மா. பெரியவளுக்கு சரியானதும் யாராச்சும் அந்தப் பக்கம் போறவங்க கூட அனுப்பி வைக்கிறேன். இங்க அவளுக்கு என்ன குறை?"

குறை இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம். சரிங்க மாமா என்றேன். அவர் போனதும் பெட்டியைத் திறந்து பெரியவளின் துணிகளைத் தனியாக எடுத்துக் கட்டிலில் வைக்க ஆரம்பித்தேன். கை வேலை செய்துகொண்டே இருந்தது. பாவாடைகள், கவுன்கள், மழைக்கோட்டு ஒன்று. மஸ்கட்டில் மழையே இல்லை என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ முறை சொல்லியும் நான் வைத்திருந்தேன். அவள் சாமான் போன இடம் பெட்டியில் பள்ளமாகத் தெரிந்தது. அதில் வடகப் பொட்டலத்தை வைத்தேன். உடனே எடுத்தேன்.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. அண்ணி பாதிப் படி ஏறி நின்றிருந்தார். அதற்கு மேல் வரவில்லை.

"என்ன பண்ற?"

"பாப்பா துணிய எடுத்து வைக்கிறேன் அண்ணி. மாமா சொன்னாங்க."

"எடுக்காத."

நான் படி உச்சிக்கு வந்து உட்கார்ந்தேன். அவரும் நின்ற படியிலேயே உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவே ஏழெட்டுப் படிகள்.

"நீ உட்டுட்டுப் போனா நான் நல்லாத்தான் பாத்துக்குவேன்," என்றார். "அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதான் பயம். ரெண்டு மாசத்துல அனுப்பறேன்னு அப்பா சொல்வாரு. அப்புறம் துணைக்கு ஆள் கிடைக்கலைம்பாரு. ஸ்கூல்ல சேத்துட்டோம், பரீட்சை முடியட்டும்னு நானே சொல்வேன். அதுக்குள்ள அவ என்னை அம்மான்னு கூப்பிட்டுடுவா."

புடவைத் தலைப்பில் வேப்பிலைக் காம்பு ஒட்டியிருந்ததைப் பிய்த்து எடுத்தார்.

"கூப்பிட்டான்னா, நீ வந்து கேக்கறப்ப எனக்குக் குடுக்க மனசு வராது. என்னை அந்த நிலைமைக்குக் கொண்டாந்து நிறுத்தாத. போறதா இருந்தா அவளையும் கூட்டிட்டுப் போ. இல்லைன்னா யாரும் போவாதீங்க."

"விசா போயிடுமாம் அண்ணி."

"போவட்டும். காயிதம்தான."

அன்று சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து மண்டிக்குப் போன் வந்தது. சின்னவனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது. நான் இப்போது வரவில்லை, வந்தால் இரண்டு பிள்ளைகளோடும்தான் என்று கத்திச் சொன்னேன். மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"விசா போனா திரும்ப வாங்கறது கஷ்டம்," என்றார்.

"தெரியும்."

இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரி, உடு. பாப்பாவுக்கு மூஞ்சில நிறைய இருக்குதா?" என்று கேட்டார்.

விசா போனது. மறுபடி வாங்குவதற்கு ஆடி முடிந்து ஆவணி வந்துவிட்டது. அந்த மாதங்கள் முழுக்கப் பெட்டி பாதி கட்டியபடியே கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பிரித்து எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிட மனம் வரவில்லை. தேவைப்படும்போது குனிந்து ஒரு துணி எடுப்போம், துவைத்து மறுபடி அதிலேயே போடுவோம். ஊருக்குப் போகாமலே பயணத்தில் இருப்பது போல இருந்தது. தெருவில் பார்ப்பவர்கள், "இன்னும் போவலையா?" என்பார்கள். ஊறுகாய் கொடுத்தவர் ஒருவர் வந்து அதைத் திரும்ப வாங்கிப் போனார்.

இரண்டாவது முறை டிக்கெட் வந்தபோது முன்பு வைத்திருந்ததில் பாதி உதவவில்லை. சின்னவனின் சட்டைகள் அவன் தோளில் ஏறவில்லை. பால்பவுடரோடு இப்போது சத்துமாவும் வேண்டும். முன்பு வைத்த இடத்தில் கிடந்தவன் இப்போது தவழ்ந்து வந்து பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். நான் வைப்பதை அவன் எடுத்து வெளியே போட்டான். பெரியவள் அதை மறுபடி உள்ளே போட்டாள். அவள் கன்னத்தில் சின்னப் பள்ளம் ஒன்று மிஞ்சியிருந்தது, அவ்வளவுதான். அண்ணி இந்த முறை எதையும் திரும்ப எடுக்கவில்லை. எங்களோடு உட்கார்ந்து சுருக்கமாகக் கட்டினார். பயணத்தில் கைக்குத் தேவைப்படுவதையெல்லாம் பெட்டியில் போடாமல் ஒரு பெரிய ஒயர் கூடையில் போடச் சொன்னதும் அவர்தான். விமானத்தைப் பார்த்தே இராதவருக்குப் பஸ் பயணத்தில் தெரிந்த யோசனை. பிளாஸ்க், பாட்டில், துணிகள், ஒரு மாற்றுப் புடவை எனக்கு. "உன் மேல வாந்தி எடுத்தா என்னா பண்ணுவ?" என்றார். யோசித்தே பார்க்காத விஷயம்.

அம்பாசிடர் வந்தது. மெட்ராஸ்வரை அண்ணியும் வருவார் என்று நினைத்தேன். "காருல எடம் இல்ல," என்று சொல்லிவிட்டார். இடம் இருந்தது. பெரியவள் செஞ்சி தாண்டும்வரை அழுதாள். திண்டிவனத்தில் தூங்கிவிட்டாள்.

மீனம்பாக்கத்தில் பெட்டி எடை தாண்டவில்லை. மாமனார் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு தலையை ஆட்டினார். விமானம் ஏறியதும் சின்னவன் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டான். பாட்டிலை வாயில் வைத்ததும் அடங்கினான். அடங்கியவுடன் பெரியவள், அண்ணி சொன்ன மாதிரியே, என் மேல் வாந்தி எடுத்தாள்.

பம்பாயில் இறங்கி வேறு விமானத்துக்கு மாற வேண்டும். நீண்ட காத்திருப்பு. பாஷை தெரியாது. கழுவ வேண்டிய பாட்டில், நனைந்த துணிகள், தீர்ந்துபோன வெந்நீர். சின்னவன் தூளியில் ஆடினால்தான் தூங்குவான். ஈரப் புடவையை மாற்றிய பிறகு அதை அலசிக் காயப்போட வழி இல்லாமல் நின்றேன். பெரியவள்தான் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டீ விற்கிறவரிடம் போய் நின்றாள். தமிழில்தான் கேட்டாள். "அண்ணா, தம்பிக்குப் பால் கலக்க வெந்நி வேணும்." அவருக்கு என்ன புரிந்ததோ, பிளாஸ்க் நிறைய ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். டிக்கெட் வந்த நாளிலிருந்து அலைந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது. தரையிலேயே உட்கார்ந்து, காலை நீட்டி, அதில் சின்னவனைப் போட்டு ஆட்டினேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவன் தூங்கிவிட்டான்.

மஸ்கட்டில் அவர் மகனைத் தூக்கக் கை நீட்டினார். அவன் அவர் மீசையைப் பார்த்து அழுதான். பழக ஒரு வாரம் ஆயிற்று.

நாங்கள் போன சில மாதங்களில் அண்ணி வேங்கிக்கால் பக்கம் ஒரு பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். மாமனாருக்குப் பிடிக்கவில்லை. மண்டிக்காரர் மகள் வேலைக்குப் போவதா என்று பத்து நாள் பேசாமல் இருந்தாராம். அண்ணி கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் கழித்து நாங்கள் லீவில் வந்தபோது பெரியவள் அவரிடம் போக அரை நாள் வெட்கப்பட்டாள். மறுநாள் அவரோடு பால்வாடிக்குப் போனாள். சாயங்காலம் தொண்டை கட்டிப்போய் வந்தாள்.

"அத்தனை பிள்ளைங்களையும் வச்சு இவளே பாடம் எடுத்துட்டா," என்றார் அண்ணி, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நான் உக்காந்து பாத்துட்டு இருந்தேன்."